ஒரு நசுங்கலின் விலை

அடுக்குமாடிக் குடியிருப்பின் தூணில் காரின் பின்பக்கம் உரசிவிட்டது. பம்பர் பிளந்திருக்கிறது, டிக்கிக் கதவு நசுங்கிப் பெயிண்ட் போயிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் 16,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டுவிட்டு, "இன்சூரன்ஸ்ல கிளைம் போட்டுடலாமா சார்?" என்று கேட்கிறார்கள். கார் வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை என்றால் கிளைம் போடுவது லாபம். நாலாவது வருடம் ஓடுகிறது, இதுவரை ஒரு கிளைமும் போட்டதில்லை என்றால் நஷ்டம். பில் அதே 16,000 தான். பதில் மட்டும் மாறுகிறது. இந்த மாற்றத்துக்குப் பின்னால், கணித மேதைகள் உட்கார்ந்து யோசித்த ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

முதலில் அந்தப் பில்லை அவிழ்ப்போம். புதுப் பம்பர் 6,000, டிங்கரிங் கூலி 2,000, பெயிண்டிங் 8,000 என்று வைத்துக்கொள்வோம். கிளைம் போட்டால் 16,000 ரூபாயும் வந்துவிடாது. விபத்துக்கு முந்தைய நொடியில் நீங்கள் இருந்த நிலைக்கு உங்களைக் கொண்டுபோய் விடுவதுதான் இன்சூரன்ஸின் அடிப்படை நெறி. அதைவிட ஒரு படி மேலே ஏற்றிவிட அது ஒப்புக்கொள்ளாது. பழைய பம்பர் போய்ப் புதுப் பம்பர் வந்தால் நீங்கள் மேலே ஏறிவிடுகிறீர்கள். அந்த ஏற்றத்தைத் தேய்மானம் என்ற பெயரில் கழிக்கிறார்கள்.

கழிக்கும் விதம் பொருளுக்குப் பொருள் மாறுகிறது. கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. முன் கண்ணாடி பத்து வருடம் கழித்து உடைந்தாலும் முழு விலை. ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம். இரும்புத் தகடு காரின் வயதோடு சேர்ந்து மூப்படைகிறது. முதல் ஆறு மாதம் கழிவு இல்லை, மூன்றிலிருந்து நான்கு வயதுக்குள் 25 சதவீதம், பத்து வயதைத் தாண்டினால் 50 சதவீதம். பெயிண்டில் இன்னொரு நுட்பம். பெயிண்டுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று பிரிக்காமல் மொத்தமாகப் பில் போட்டிருந்தால், அதில் கால் பங்கைப் பெயிண்டின் விலை என்று எடுத்துக்கொண்டு அந்தக் கால் பங்கில் பாதியைக் கழிப்பார்கள்.

நம் பில்லுக்கு வருவோம். பிளாஸ்டிக் பம்பருக்குப் பாதி, 3,000. பெயிண்டிங்கில் 1,000 கழிந்து 7,000. டிங்கரிங் கூலி முழுசாக 2,000. மொத்தம் 12,000. இதிலிருந்து கட்டாயக் கழிவு ஒன்றும் போகும். ஒவ்வொரு கிளைமிலும் முதல் சில ரூபாயை வண்டிக்காரரே ஏற்க வேண்டும் என்பது விதி. 1,500 சிசி வரையுள்ள காருக்கு அது 1,000 ரூபாய், அதற்கு மேலே 2,000. ஆக, கைக்கு வருவது 11,000.

நேற்று ஷோரூமிலிருந்து வந்த காரின் பம்பருக்கும் பாதிதான் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் சிறிதும் குழப்பமில்லாத விதி அது. அந்தக் கழிவே வேண்டாம் என்பவர்கள் கூடுதல் பிரீமியம் கட்டி 'ஜீரோ டெப்' சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்திருந்தால் இதே பில்லுக்கு 15,000 வரும்.

பதினோராயிரம் சும்மா வருகிறதே, விடுவானேன் என்று தோன்றும். அது சும்மா வருவதில்லை. நோ கிளைம் போனஸ் என்ற ஏணியைக் கொடுத்துத்தான் அந்தப் பணத்தை வாங்குகிறோம்.

ஒரு வருடம் முழுக்கக் கிளைம் போடாமல் இருந்தால் அடுத்த பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து இரண்டு வருடம் என்றால் 25, மூன்று என்றால் 35, நான்கு என்றால் 45, ஐந்து என்றால் 50. அதற்கு மேல் படி இல்லை. இந்திய மோட்டார் கட்டண விதிகள் 2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது எழுதப்பட்ட ஏணி இது. 2007-ல் பிரீமியத்தை நிர்ணயிக்கும் உரிமை கம்பெனிகளுக்கே விடப்பட்ட பிறகும் ஏணி அப்படியே நிற்கிறது. பரமபதத்தில் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏற, பாம்பு ஒரே கடியில் கீழே இறக்குவது போலத்தான் இதுவும். ஏற ஐந்து வருடம். இறங்க ஒரே ஒரு கிளைம். எந்தப் படியில் இருந்தாலும் நேரே பூஜ்யத்துக்கு.

தள்ளுபடி மொத்த பிரீமியத்துக்கும் கிடையாது. கார் இன்சூரன்ஸ் பில்லில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று, நம் காரால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி. இதன் கட்டணத்தை அரசே அறிவிக்கிறது. 2022-ல் அறிவித்தபடி 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு 3,416 ரூபாய். போனஸ் இதைத் தொடாது. மற்றது, நம் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்'. ஏணி சாத்தப்பட்டிருப்பது இந்தப் பாகத்தின் மேல் மட்டும்தான்.

இப்போது ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். போனஸ் கழிக்கும் முன் ஓன் டேமேஜ் பிரீமியம் வருடத்துக்கு 10,000 என்று வைத்து, இரண்டு எதிர்காலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவோம். நாலாவது வருடக் காரர் இப்போது 35 சதவீதப் படியில் நிற்கிறார். கிளைம் போடாவிட்டால் இனி வரும் வருடங்களில் அவர் கட்டப்போவது 5,500, பிறகு 5,000, 5,000, 5,000, 5,000. போட்டால் 10,000, 8,000, 7,500, 6,500, 5,500. ஆறாவது வருடம் இரண்டு எதிர்காலங்களும் 5,000-ல் சந்தித்துக்கொள்கின்றன. நடுவில் உள்ள வித்தியாசங்களைக் கூட்டினால் 12,000. பிரீமியத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. சேர்த்தால் 14,160. கையில் வருவது 11,000, போவது 14,160.

அதே கணக்கை முதல் வருடக் காருக்குப் போட்டால் ஓர் அழகான விஷயம் நடக்கிறது. கிளைம் போடாதவர் கட்டுவது 8,000, 7,500, 6,500, 5,500, 5,000. போட்டவர் கட்டுவது 10,000, 8,000, 7,500, 6,500, 5,500. அதே எண்கள்தான், ஒரு கட்டம் தள்ளி நிற்கின்றன! பின்னவரின் வரிசையிலிருந்து முன்னவரின் வரிசையைக் கழித்தால் நடுவில் உள்ள எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது முதல் 10,000-க்கும் கடைசி 5,000-க்கும் உள்ள வித்தியாசம் மட்டும். 5,000 ரூபாய், வரியோடு 5,900. கிளைமில் வருவது 11,000 என்பதால் இவருக்கு ஐயாயிரத்துக்கு மேல் லாபம்.

எல்லாப் படிக்கும் இப்படிப் போட்டுப் பார்த்தால், ஒரு கிளைமால் போகும் போனஸ் வரிக்கு முன்னால் முதல் வருடத்தில் 5,000, இரண்டாவதில் 8,000, மூன்றாவதில் 10,500, நாலாவதில் 12,000, ஐந்தாவது வருடம் முதல் 12,500. கவனியுங்கள், அதற்கு மேல் ஏறவே இல்லை. ஏணியின் உச்சியில் நின்றாலும் ஒரு கிளைம் உங்களிடமிருந்து பறிக்கக்கூடியது, ஒரு வருட ஓன் டேமேஜ் பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கு மட்டுமே. அதுவும் ஐந்து வருடங்களில் சிறுகச் சிறுக.

இந்த ஒன்றேகால் என்ற எண் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. சின்னக் கீறலுக்குக் கிளைம் போட்டு ஐந்து வருடச் சேமிப்பை இழப்பவர்கள் ஒரு பக்கம். பெரிய விபத்தில்கூட "போனஸ் போயிடுமே" என்று தயங்கிக் கைக்காசைக் கொட்டுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. வருடம் பத்தாயிரம் பிரீமியம் உள்ள காருக்கு அறுபதாயிரம் ரூபாய் வேலை வந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. அந்த நாளுக்காகத்தானே பிரீமியம் கட்டினோம்.

எந்தத் தொகைக்குக் கீழே நாமே கொடுத்துவிடலாம், எதற்கு மேலே கிளைம் போடலாம் என்ற எல்லைக்கோட்டைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பது எளிதல்ல. நம் தாள் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. இனி ஐந்து வருடம் விபத்தே நடக்காது என்று நாம் ரகசியமாக நம்பிக்கொண்டோம். நாலாவது வருடக் காரர் இப்போது கிளைம் போடாமல் பொறுத்துக்கொள்கிறார், ஆனால் அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடத்தில் ஒரு பெரிய விபத்து வந்து எப்படியும் கிளைம் போட நேர்கிறது என்றால்? பொறுத்ததால் அவர் சேமித்தது முதல் இரண்டு வருட வித்தியாசம், 7,500 மட்டுமே. அப்போது எல்லைக்கோடு கீழே இறங்கிவிடுகிறது. நாள்தோறும் நகர நெரிசலில் நுழைந்து வரும் காருக்குப் போனஸின் மதிப்பு குறைவு. வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போய் வரும் காருக்கு அதிகம்.

அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் பெல்மன் 1950-களில் உருவாக்கிய முறை ஒன்று இந்த முடிச்சை அவிழ்க்கிறது. 'டைனமிக் புரோகிராமிங்' என்று பெயர். தொடர்ச்சியாக எடுக்க வேண்டிய முடிவுகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போட்டுக்கொண்டு வருவது அதன் சாரம். கடைசி வருடத்தில் எது சரி என்று தெரிந்தால் அதற்கு முந்தைய வருடத்தில் எது சரி என்று சொல்லலாம். அது தெரிந்தால் அதற்கும் முந்தையது. இப்படியே இன்று வரை வந்துவிடலாம். பெல்ஜியத்தைச் சேர்ந்த காப்பீட்டுக் கணித அறிஞர் ழான் லெமேர், 1977-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் கார் ஓட்டுநரின் இந்தத் தவிப்பையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் எல்லைக்கோட்டைக் கணக்கிட்டுக் காட்டினார். போனஸைக் காப்பாற்றச் சொந்தக் காசைச் செலவழிக்கும் இந்த மனநிலைக்கு அவர் துறையில் 'போனஸ் பசி' என்றே பெயர்.

இந்த முறையில் யோசித்தால் எதிர்பாராத ஒரு விஷயம் புலப்படும். பாலிசி வருடத்தின் முதல் மாதத்தில் நடந்த நசுங்கலும் கடைசி மாதத்தில் நடந்த நசுங்கலும் சமமல்ல. முதல் மாதத்தில் நீங்களே 16,000 கொடுத்துப் போனஸைக் காப்பாற்றினால், மீதிப் பதினொரு மாதத்தில் ஒரு பெரிய விபத்து வந்து அந்தத் தியாகத்தை வீணாக்கக்கூடும். கடைசி மாதத்தில் அந்தப் பயம் குறைவு. எனவே வருடத் தொடக்கத்தில் கிளைம் பக்கம் கொஞ்சம் சாயலாம், முடிவில் கொஞ்சம் பொறுக்கலாம். இன்னொன்று, அந்த வருடத்தில் ஏற்கெனவே ஒரு கிளைம் போட்டாகிவிட்டதென்றால் போனஸ் அப்போதே போய்விட்டது. இரண்டாவது கிளைம் இழக்க வைக்க இனி ஒன்றுமில்லை. கட்டாயக் கழிவு மட்டும் மறுபடி போகும், சில பாலிசிகளில் ஜீரோ டெப் வருடத்துக்கு இத்தனை தடவை என்ற வரம்பும் இருக்கும்.

போனஸ் காருக்குச் சொந்தமானது அல்ல, உங்களுக்குச் சொந்தமானது. காரை விற்றாலும் கம்பெனியை மாற்றினாலும் கூடவே வரும். அடுத்த வருடம் பெரிய கார் வாங்கும் திட்டம் இருக்கிறதா? அந்தக் காரின் ஓன் டேமேஜ் பிரீமியம் 25,000 என்றால், 50 சதவீதப் படி முதல் வருடத்திலேயே 12,500 ரூபாயைத் தரும். நசுங்கியிருப்பது பழைய கார், ஆனால் கணக்குப் போட வேண்டியது புதுக் காரை வைத்து. கார் ஓட்டுவதையே நிறுத்தப்போகிறவருக்கோ அந்தப் போனஸால் பயனில்லை, தாராளமாகக் கிளைம் போடலாம். ஒரு எச்சரிக்கை: பாலிசி காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், விபத்தே நடக்காமல் போனஸ் போய்விடும்.

எல்லா நாட்டிலும் பாம்பு இவ்வளவு கொடியதல்ல. பிரான்ஸில் விபத்தில்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் பிரீமியத்தை 0.95-ஆல் பெருக்குகிறார்கள். பாதியாகக் குறைய 13 வருடம் ஆகும். தன் தவறால் விபத்து நேர்ந்தால் 1.25-ஆல் பெருக்குகிறார்கள். பாதிக் கட்டணத்தில் இருந்தவர் 62 சதவீதத்துக்குத்தான் ஏறுவார். அந்தப் பாதியிலேயே மூன்று வருடம் இருந்தவருக்கு முதல் விபத்து மன்னிக்கப்படும். பிரான்ஸில் ஏற்றம் மெதுவாக, இறக்கமும் மெதுவாக. நம் ஏணியில் ஏற்றம் வேகம், இறக்கம் அதைவிட வேகம்.

கம்பெனிகள் ஏன் இப்படி ஒரு ஏணியைச் சாத்தி வைக்கின்றன? ஒரு கிளைம் என்றால் கோப்பு, ஆய்வு, புகைப்படம், கணக்கு, காசோலை. இரண்டாயிரம் ரூபாய்க் கீறலுக்கும் இவ்வளவு வேலைதான். சின்னக் கிளைம்கள் உள்ளே வராமல் இருந்தால் எல்லோருக்கும் பிரீமியம் குறைகிறது. அதைவிட நுட்பமான காரணம் ஒன்று உண்டு. யார் நிதானமாக ஓட்டுபவர், யார் முறுக்கிக்கொண்டு போகிறவர் என்பது கம்பெனிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஏணி அந்தத் தகவலை வருடா வருடம் கேள்வி கேட்காமலே உங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறது.

தூணில் உரசியதற்கு உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறது. வெள்ளத்தில் முடிவெடுக்க அந்த நேரம் கிடைக்காது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கீழ்த்தளப் பார்க்கிங்குகளில் நின்ற கார்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் எவருக்கும் வரும் முதல் ஆசை, சாவியைத் திருகிப் பார்ப்பது. அதைச் செய்யாதீர்கள். 1,200 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 300 சிசி. பிஸ்டன் மேலே வரும்போது அங்கே மிஞ்சும் இடம் சுமார் 33 சிசி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி. காற்று என்றால் அந்த இடத்துக்குள் அமுங்கிவிடும். தண்ணீர் அமுங்காது. இருநூறு மடங்கு வளிமண்டல அழுத்தம் கொடுத்தாலும் அதன் பருமன் ஒரு சதவீதம்தான் குறையும். மூன்றாவது கரண்டித் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் உச்சியை எட்டும் முன்பே முட்டி நிற்கும், தாங்கிப் பிடிக்கும் கனெக்டிங் ராடு வளையும். நீர்ப்பூட்டு என்று இதைச் சொல்லலாம்.

இயற்பியலின் இந்த இரண்டு கரண்டி இன்சூரன்ஸையும் இரண்டாகப் பிரிக்கிறது. வெள்ளம் வந்து சீட்டும் ஒயரிங்கும் நனைந்தது விபத்து, பாலிசி பொறுப்பேற்கும். நின்றுகொண்டிருந்த எஞ்சினைச் சுழற்றி ராடை வளைத்தது பின்விளைவுச் சேதம், அது வழக்கமான பாலிசியில் விலக்கப்பட்டது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி எடுத்திருந்தால் மட்டுமே வழி உண்டு. ஆகவே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று கறை தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கான செலவாகக் காருக்கு 1,500 ரூபாய் வரை வழக்கமான பாலிசியிலேயே உண்டு. இதே தர்க்கம் சாலை விபத்துக்கும் பொருந்தும். ரேடியேட்டர் ஒழுகும் காரை வீடு வரை ஓட்டிப் போனால், அந்தப் பயணத்தில் கூடிய சேதம் உங்கள் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது.

சேதம் மிகப் பெரிதானால் இன்னொரு கதவு திறக்கிறது. பாலிசியில் ஐடிவி என்று ஓர் எண் இருக்கும், காரின் இன்றைய மதிப்பாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை. முதல் ஆறு மாதத்தில் விலையில் 5 சதவீதம் கழியும், நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் பாதி கழிந்துவிடும். பழுதுபார்க்கும் செலவு இந்த ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கார் முழுச் சேதம் என்று கருதப்படும், ஐடிவி கையில் வரும். புதுப்பிக்கும்போது பிரீமியத்தைக் குறைக்க ஐடிவியைக் குறைத்துக் காட்டச் சொல்லி யாராவது ஆசை காட்டினால், இந்த நாளை நினைத்துப் பாருங்கள்.

கிளைம் போடுவது என்று முடிவானால் கார் போய் நிற்பது சர்வேயர் முன்னால். சேதத்தை மதிப்பிட உரிமம் பெற்ற நிபுணர் அவர். அவர் பார்ப்பது நசுங்கலின் உயரம், திசை, அதில் ஒட்டியிருக்கும் அந்நியப் பெயிண்ட். தூணில் இடித்தது என்று எழுதிவிட்டு ஒட்டியிருப்பது பஸ்ஸின் பச்சை நிறம் என்றால் கதை நிற்காது. புதிதாகச் சுரண்டப்பட்ட இரும்பு பளபளக்கும், பழைய கீறலில் துரு ஏறியிருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுவதே சரி. மூன்று வேறு நாள் கீறல்களை ஒரே விபத்தாகச் சேர்த்து எழுதச் சொல்லும் ஒர்க்‌ஷாப்பின் பேச்சைக் கேட்காதீர்கள். சர்வேயர் பார்க்கும் முன் வேலையைத் தொடங்கிவிட்டால் அவருக்கு மதிப்பிட எதுவும் மிஞ்சாது.

உடனே தகவல் சொல்வது, பணம் வாங்குவது என்று இரண்டும் தனித்தனிச் செயல்கள். தகவல் சொல்லிவிட்டு, எஸ்டிமேட் வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்து, வேண்டாம் என்றால் பணம் பெறும் முன் கிளைமைத் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற்றதையும், அதனால் போனஸ் பாதிக்காது என்பதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது காயம், பிறர் வண்டிக்குச் சேதம், அல்லது கார் திருட்டு என்றால் இந்த ஏணிக் கணக்குக்கே இடமில்லை. போலீஸுக்கும் கம்பெனிக்கும் உடனே சொல்ல வேண்டும்.

தாமதமாகிவிட்டதே என்று கிளைமைக் கைவிடவும் வேண்டாம். தாமதம் ஒன்றையே காரணம் காட்டி இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கார் திருட்டில் உடனே எஃப்ஐஆர் பதிவாகியிருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானதை மட்டும் வைத்து மறுக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வும் சொல்லியிருக்கிறது.

அப்படியும் மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரை தீர்ப்புச் சொல்ல அதிகாரம் உண்டு. அந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஒருபக்கச் சாய்வு. தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாளுக்குள் நிறைவேற்றியாக வேண்டும். உங்களைக் கட்டுப்படுத்தாது. தொகை போதவில்லை என்று தோன்றினால் நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்ட உங்களுக்குத் தடையில்லை.